எண் இல்லாத காம்பராக்கள்

அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பதுளையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம், பிறகு கொழுந்து லொறி போகும் பாதையில் நடை என்று மட்டும் சொல்கிறேன். அதன் மேல் டிவிசனில் என் சின்னம்மா இருந்தார். அம்மாவின் தங்கை. சித்தப்பா இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார்.

நான் பிறந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பதுளையில் கணினிப் பாடநெறி ஒன்று படித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வருடத்தில் டவுனில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகளான லயங்களின் கூரையையும் சுவரையும் திருத்திக் கொடுக்கும் திட்டம் அது. இரும்புக் கடையொன்றின் மேல்மாடியில் மூன்று கணினி, ஒரு அச்சு இயந்திரம். எங்கள் பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையில் வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊர் போக முடியாமல் பதுளையிலேயே தங்கிவிட்டவர். நாங்கள் அவரை சேர் என்போம். அவருக்கு நான் பிள்ளை.

ஐப்பசி மழை பிடித்து ஒரு கிழமையானபோது அவர் என் மேசையில் இரண்டு சீடிகளை வைத்தார்.

“பிள்ளை, இது மேல் டிவிசனிலை இருக்கிற குடும்பங்களின்ரை பட்டியல். மற்றது எங்கடை பெடியங்கள் அளந்த சுவர் வெடிப்புகள். ரெண்டையும் ஒண்டாக்கி கொழும்புக்கு அனுப்ப வேணும். வெள்ளிக்கிழமைக்கு முதல்.”

“பேர் வரிசையா சேர்?”

“ஓம். குடும்பத் தலைவரின்ரை பேர் வரிசை. அவை அப்பிடித்தான் கேட்டிருக்கினம்.”

இரண்டும் எக்ஸ்.எம்.எல். கோப்புகள். ஒவ்வொரு தகவலின் தலையிலும் வாலிலும் ஒரு பெயர்ச்சீட்டை ஒட்டி வைக்கும் முறை அது. லயம் என்று ஒரு சீட்டு, காம்பரா என்று ஒரு சீட்டு. காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறை. தோட்டக் காரியாலயம் தந்த கோப்பில் குடும்பமும் ஆட்களும் இருந்தார்கள், வெடிப்பு இல்லை. எங்கள் ஆட்கள் தந்த கோப்பில் வெடிப்பு இருந்தது, ஆட்கள் இல்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஆடி மாதம் ஒரு அளவு, ஐப்பசியில் ஒரு அளவு. இரண்டு கோப்புக்கும் பொதுவாக இருந்தது லய எண்ணும் காம்பரா எண்ணும் மட்டும்தான்.

இப்படிப்பட்ட கோப்புகளை இணைக்க எக்ஸ்.எஸ்.எல்.டி. என்ற மொழியில் விதிகள் எழுத வேண்டும். அந்த மொழிக்கு ஒரு கோப்பைத்தான் முதன்மையாகக் கொடுக்கலாம். மற்றதை நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் வெடிப்புக் கோப்பை முதன்மையாக வைத்தேன். வெடிப்புக் கோப்பிலிருந்து ஒவ்வொரு காம்பராவாக எடு, அதே எண்ணுள்ள குடும்பத்தை மற்றக் கோப்பில் தேடு, இரண்டையும் சேர்த்து எழுது, கடைசியில் பெயர் வரிசையில் அடுக்கு. அவ்வளவுதான் விதி. ஏன் அந்தக் கோப்பை முன்னால் வைத்தேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். திட்டம் சுவர்களுக்கானது, அதனால் சுவர்கள் முதலில் வந்தன. வேறு காரணம் எதுவும் இல்லை.

பெயர் வரிசையில் பார்த்தபோது அந்தப் பட்டியல் எதையும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் மயிரிழை, அடுத்த வீட்டில் விரல் நுழையும் அகலம், அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர்கள், அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்ததைப் போல நானும் நினைத்தேன். அனுப்புவதற்கு முன்னால் சரிபார்க்கலாம் என்று லய எண்படியும் காம்பரா எண்படியும் ஒரு தடவை அடுக்கினேன். ஒன்றுக்கு அடுத்து பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வந்து, அதன் பிறகுதான் இரண்டு வந்தது. கணினி எண்ணை எழுத்தாகப் படித்தால் அப்படித்தான் அடுக்கும். இது எண், எண்ணாகவே படி என்று விதியில் ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன்.

மேல் டிவிசனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மலை உச்சியில் முதலாவது லயம், அதற்குக் கீழே இரண்டாவது, இப்படிப் படிப்படியாகப் பதினொரு லயங்கள். எல்லாவற்றிலும் காம்பரா எண் இடப்பக்கத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் இப்போது திரையில் இருந்த பட்டியல் கிட்டத்தட்ட அந்த மலையேதான்.

முதலாவது லயத்தில் மூன்றாம், நாலாம் காம்பராக்களில் பெரிய வெடிப்பு. இரண்டாவது லயத்தில் நாலும் ஐந்தும். மூன்றாவதில் ஐந்தும் ஆறும். நான் ஒரு தாளில் கட்டம் போட்டு, விரல் நுழையும் வெடிப்புள்ள கட்டங்களுக்குப் பேனையால் கறுப்படித்தேன். கறுப்புக் கட்டங்கள் மேலேயிருந்து வலப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு லயத்தையும் விடாமல், கடைசி லயம் வரை இறங்கின. ஆடிக்கும் ஐப்பசிக்கும் இடையில் அகலம் கூடியிருந்ததும் அந்தக் கட்டங்களில் மட்டும்தான். கடைசி லயத்துக்குக் கீழே பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம்.

வெளியே கடைக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு சேரிடம் போனேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“நீர் இதை எப்பிடி அடுக்கினனீர்?”

சொன்னேன்.

“பெடியங்கள் வீட்டிலை ஆள் இருக்கிற நேரம் பாத்துப் பாத்துப் போய் அளந்தவங்கள். அங்கையொண்டு இஞ்சையொண்டு. நான் அந்த ஒழுங்கிலைதான் வாசிச்சனான். எனக்கு ஒண்டும் தெரியேல்லை.” தாளைக் கீழே வைத்தார். “இது சுவர் வெடிச்சதில்லைப் பிள்ளை. நிலம் வெடிச்சிருக்கு.”

அன்றைக்கு அவர் தொலைபேசியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒரு இடத்தில் கடிதம் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் நிலத்தைப் பார்க்கத் தெரிந்த அதிகாரி அடுத்த கிழமைதான் வருவார் என்றார்கள். தோட்டத்துத் துரை, முழு டிவிசனையும் கிளப்ப முடியாது, ஆபத்தான வீடுகளின் பட்டியல் தந்தால் அவர்களை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றாராம். பின்னேரம் சேர் என்னிடம் வந்தார்.

“அந்தக் கோட்டிலை இருக்கிற வீடுகள், கோட்டுக்குக் கீழ் இருக்கிற வீடுகள். அந்தக் குடும்பங்கள் மட்டும் வேணும். லய வரிசையிலை.”

ஏற்கெனவே எழுதிய விதியில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு பக்கங்களை அச்சடித்து, நனையாமல் ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தேன். சின்னம்மாவின் பெயர் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருப்பவர், கட்டாயம் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை சேருடன் அலுவலக ஜீப்பில் நானும் போனேன். வழியில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பாதை பாதிதான் இருந்தது. தோட்டத்துக்குள் நுழைந்தபோது மலை உச்சி தெரியாத அளவுக்கு மூடுபனி.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டியிருந்தார்கள். கங்காணி ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, பொலித்தீன் பைக்குள்ளேயே தாளை வைத்துப் பெயர்களை வாசித்தார். பெயர் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பெண் அழத் தொடங்கினாள். பெயர் வராதவர்களின் முகம் தெளிந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. வாசித்து முடித்ததும் கங்காணி சத்தமாகச் சொன்னார்: “பேரு வந்தவங்க எல்லாம் பாய், சட்டி எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க. மத்தவங்க வேலைக்குப் போகலாம்.”

சின்னம்மாவின் பெயர் வரவில்லை.

கூட்டத்தில் தேடினேன். அவர் அதற்குள் போய்விட்டிருந்தார். கங்காணியிடமிருந்து தாளை வாங்கி இரண்டு பக்கத்தையும் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். இல்லை. எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

சின்னம்மா இருந்தது லயத்தில் இல்லை. பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் உரமூட்டை அடுக்கிய பழைய ஸ்டோர் அறைகளில் ஒன்றில். அதற்கு லய எண் கிடையாது, காம்பரா எண் கிடையாது. எண் இல்லாத இடத்தை அளக்கப் போனவர்கள் அளக்கவில்லை. அளக்காத இடம் வெடிப்புக் கோப்பில் இல்லை. நான் வெடிப்புக் கோப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத்தான் குடும்பங்களைத் தேடினேன். அதில் இல்லாத குடும்பத்தை என் விதி தேடவே இல்லை. பிழை என்று கணினி ஒரு வரிகூடக் காட்டவில்லை. அதைப் பொறுத்தவரை பிழை எதுவும் நடக்கவில்லை.

“சேர், பட்டியல்ல ஆக்கள் விடுபட்டிருக்காங்க. நான்தான் விட்டுட்டேன்.”

அவர் திட்டவில்லை. “எத்தினை?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியாது சேர்.”

தோட்டக் காரியாலயத்துக்கு ஓடினேன். கிளாக்கரிடம் குடும்பப் பதிவுப் புத்தகத்தை வாங்கி, மேசையில் விரித்து, என் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டேன். ஈரக் கையால் தாள் ஒட்டிக்கொண்டது. காம்பரா எண் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்த குடும்பங்கள் நாலு. மூன்று அந்த ஸ்டோர் அறைகளில். நாலாவது இன்னும் கீழே, ஓடைக்கு மேல் பழைய மாட்டுப்பட்டியில். புருஷனும் பெண்சாதியும் மட்டும்.

கங்காணியை அழைத்துக்கொண்டு இறங்கினேன். சின்னம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

“ஏ புள்ள, இந்த மழையில நீ எங்க வந்த? வா, வா, தேத்தண்ணி ஊத்துறேன்.”

“சின்னம்மா, கெளம்புங்க. ஸ்கூலுக்குப் போகணும்.”

“எனக்கு எதுக்கு? எம்பேரு வாசிக்கலியே. நல்லாக் கேட்டேன்ல. நம்ம பக்கம் ஒண்ணுமில்லன்னுதான வாசிக்கல.”

“வாசிக்காதது என் பிழை சின்னம்மா. கம்பியூட்டர்ல நான்தான் விட்டுட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். என் சேலைக் கரையெல்லாம் சேறு. ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, வேறு ஏதோ பேசுவது போலச் சொன்னார்: “ரெண்டு நாளா பீலியில தண்ணி இல்ல. இம்புட்டு மழைக்கும் ஒரு சொட்டு இல்ல. நானும் எதாவது அடைச்சிருக்கும்னு நெனைச்சேன்.”

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பீலி, மலையிலிருந்து தண்ணீர் விழும் அந்தக் குழாய், கோடையிலும் நின்று பார்த்ததில்லை. கங்காணியின் முகம் மாறியது. தண்ணீர் வெடிப்பு வழியாக நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. “எடுத்தத எடுத்துக்கிட்டு வாங்க, போதும்” என்றார். சின்னம்மா அடுப்பில் தண்ணீர் ஊற்றினார். பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் எங்கள் அவசரத்தைப் பார்த்துக் கேள்வி கேட்காமல் கிளம்பினார்கள்.

மாட்டுப்பட்டிக்கு வழி வழுக்கியது. நாற்பது வயதிருக்கும் மனிதர், வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார். உள்ளே சினைப்பசு ஒன்று. அவருடைய மனைவி எங்களைக் கண்டதும் பாயைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். அவர் மட்டும் அசையவில்லை.

“காலையில நானும் பெரட்டுல நின்னேன். எங்க பேரு வரல. இப்ப வருதுன்றீங்க. மத்தியானம் மறுபடி இல்லன்னு சொல்லுவீங்க. எத நம்புறது தங்கச்சி?”

“காலையில வாசிச்ச பட்டியல் பிழைங்க. இதுதான் சரி.”

“இதுல எங்க எழுதியிருக்கு? காட்டுங்க பாப்போம்.”

காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. பதிவுப் புத்தகத்திலிருந்து கையால் எழுதிய நாலு பெயர்கள்தான். அந்தத் துண்டை நீட்டினேன். பேனை மை மழையில் கரைந்திருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கேலியாக இல்லை, களைத்துப்போய்.

“இவள கூட்டிக்கிட்டுப் போங்க. மாடு இன்னிக்கோ நாளைக்கோ கண்டு போட்டுரும். போட்டதும் ஓட்டிக்கிட்டு வந்துர்றேன்.”

கங்காணி சத்தம் போட்டார். மனைவி கையைப் பிடித்து இழுத்தார். அவர் வரவில்லை. மனைவியை மட்டும் அழைத்துக்கொண்டு மேலே ஏறினோம். அன்று பகல் சேரே தடியூன்றி இறங்கிப் போய்ப் பேசினார். “நாளைக்கு வாறன் எண்டு சொல்லுறான்” என்று திரும்பி வந்தார்.

அடுத்த நாள் காலையில் மண் இறங்கியது. நான் பள்ளிக்கூடத்தில் தேநீர் வரிசையில் நின்றேன். பெரிய சத்தம் என்று பலர் பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டது அப்படி இல்லை. கல் நிறைந்த லொறி தூரத்தில் கல்லைக் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். காலுக்குக் கீழே தரை லேசாக அதிர்ந்தது. வரிசை அப்படியே நின்றது. மாட்டுப்பட்டிக்காரரின் மனைவி மட்டும் கையிலிருந்த கோப்பையைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

கடைசி இரண்டு லயங்களின் வலது பாதி போயிருந்தது. பிள்ளைக்காம்பராவில் ஒரு சுவர் நின்றது. ஸ்டோர் அறைகள் இருந்த இடத்தில் செம்மண்ணும் தேயிலைச் செடிகளும் தலைகீழாகக் கிடந்தன. மாட்டுப்பட்டி இருந்த இடம் எது என்றே சொல்ல முடியவில்லை. அவரை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள். மாடு, ஓடைக்கு அப்பால் உயிரோடு நின்றது. அவிழ்த்து விட்டிருக்கிறார்.

எல்லோரும் சேரையும் என்னையும் புகழ்ந்தார்கள். பட்டியல் இல்லாவிட்டால் எத்தனை குடும்பம் போயிருக்கும் என்றார்கள். துரைகூட ஜீப்புக்கு வந்து கைகொடுத்தார். என்னால் அந்தப் பேச்சைக் கேட்க முடியவில்லை. சின்னம்மாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை.

கேட்டது அந்த மனைவிதான். காரியம் முடிந்து, கொஸ்லந்தையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும் நாளில், பள்ளிக்கூட வாசலில் துணி மூட்டையுடன் நின்றார். என்னை அருகில் கூப்பிட்டார்.

“எங்க பேரு மொதல்ல ஏன் வரல தங்கச்சி?”

எண், கோப்பு, விதி என்று ஏதேதோ வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

“ரெண்டு லிஸ்ட்ட ஒண்ணு சேர்க்கும்போது நான் உங்கள விட்டுட்டேங்க. சரிபார்த்திருக்கணும். பார்க்கல.”

அவர் கோபப்படுவார் என்று நின்றேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பெரட்டுல நாலு பேரு முன்னுக்கு கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரு. பேரு சொல்லிக் கூப்பிட்டா அவரு எப்பவும் போவாரு. லயத்துல எடம் குடுக்கலன்னு அவருக்கு ஒரு கொறை. ஒரு லிஸ்ட்டுலயும் நம்ம இல்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

பஸ் வந்தது. மூட்டையை ஏற்ற நான் கை கொடுத்தேன். மறுக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் விதிகளைத் திருப்பி எழுதினேன். குடும்பக் கோப்பு முன்னால், வெடிப்புக் கோப்பு பின்னால். பொருந்தாத குடும்பம் எதுவாக இருந்தாலும் பட்டியலின் மேலே, முதலில் வரவேண்டும். மற்றத் தோட்டங்களின் கோப்புகளையும் எடுத்து மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு தோட்டத்திலும் பட்டியலின் மேலே சில பெயர்கள் வந்து நின்றன. அவற்றை சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் ஒவ்வொன்றாக, வாய்க்குள், சத்தமில்லாமல் வாசித்தார்.

தை பிறந்ததும் மழை விட்டது. நிலத்தைப் பார்க்க வந்த அதிகாரி, மேல் லயங்களில் யாரும் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்களை வேறு எங்கே வைப்பது என்று அதில் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் தொடங்க வேண்டும். தோட்டம் வெடிப்புகளுக்குச் சீமெந்து பூசி வெள்ளையடித்துக் கொடுத்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. சேர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு அவருக்கும் உடம்பு முடியாமல் போய் கொழும்பில் மகளிடம் போய்விட்டார்.

பங்குனியில் மூன்றாவது அளவை எடுக்க எங்கள் ஆட்களுடன் நானும் போனேன். முதலாவது லயத்தில், நாலாம் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு பெண் கைக்குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தார். பூசிய சுவர் பளிச்சென்று இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், புதுச் சீமெந்தின் நடுவே, கூரையிலிருந்து தரை வரை, நூல் போட்டது போல ஒரு கோடு.

அளவுகோல் பிடித்திருந்தவர் என் பக்கம் திரும்பினார். “அகலம்னு சொல்ல ஒண்ணுமில்ல. எழுதணுமா?”

அந்தப் பெண் சோற்றை உருட்டிய கையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதுங்க” என்றேன்.